புதுவையில் கிரஹண கணிதம் பயின்ற பிரெஞ்சு வானநூலார்

கல்வி பலவகைப்படினும், ஆசிரியனை அடைந்து, அவன் எதிரே அமர்ந்து, பாடம் கேட்டுப் பெறுவதே நம் நாட்டின் தொன்மையான வழக்கமாகும். ஏட்டுச் சுவடியைத் தானே புரட்டிப் பார்த்துப் பொருள் கொண்டவனைப் பெரியோர் கற்றவன் என்று எளிதில் ஒப்புக்கொண்டதில்லை. சாஸ்திரங்கள் அனைத்துக்கும் பொருந்தும் இவ்விதி, கணித சாஸ்திரத்துக்கு மிகவும் பொருந்தும். அங்கே ஓர் எண் பிழைத்தால் அனைத்தும் பிழையாகும். பிழைத்த இடத்தைக் காட்டித் திருத்துவதற்கு அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். ஆகவே கணிதம் கற்க விரும்புவோன் முதலில் தேடவேண்டியது நல்ல ஆசிரியனையே.

இவ்வுண்மையை ஐரோப்பாவின் தலைசிறந்த வித்வத்சபை ஒன்றில் அங்கம் பெற்றிருந்த பேரறிஞர் ஒருவர் தம் வாழ்க்கையால் மெய்ப்பித்தார். அதுவும் நம் புதுவை மாநகரத்திலேயே மெய்ப்பித்தார் என்பது இந்நகரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். அவர் பெயர் கியோம் லெ ழாந்தி. வானத்தில் ஒரு காட்சியைக் காண்பதற்காகப் பதினோராண்டுகள் கடலிலும் தீவுகளிலும் அலைந்து, அக்காட்சியைக் காணாமலே திரும்பியவர் என்று உலகம் அவரை இன்றும் நினைவு கூர்கிறது. அவர் காணாமற்போனதை அறிந்தவர்கள் பலர். புதுவையில் அவர் கற்றுக்கொண்டதை அறிந்தவர்கள் சிலரே.

பிறப்பும் இளமையும்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கே நார்மண்டி என்னும் பகுதியில் கூத்தான்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூரில் 1725ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆம் நாள் லெ ழாந்தி பிறந்தார். உயர்குடியிற் பிறந்தவராயினும் பெருஞ்செல்வத்துக்கு உரியவரல்லர். இளமையில் பாரிஸ் மாநகரம் சென்று தம் சமயத்தின் வேத சாஸ்திரங்களைப் பயின்றார். குருத்துவப் பணி ஏற்பதே அப்போது அவர் கருத்து.

பாரிஸில் அரசக் கல்லூரியில் ஜோசப் தெலீல் என்னும் வானநூற் பேராசிரியர் உபந்நியாசங்கள் நிகழ்த்தி வந்தார். ஒரு நாள் அவற்றைக் கேட்கச் சென்ற இளைஞரின் உள்ளம் முற்றிலும் வேறு திசையில் திரும்பியது. வான சாஸ்திரமே தம் வாழ்வு என்று அவர் துணிந்தார். பின்னர்ப் பாரிஸ் வானாய்வு நிலையத்தில் ழாக் கஸ்ஸினி என்பவரிடமும் அவர் குமாரரிடமும் பயிற்சி பெற்றார். நான்கு தலைமுறையாக அந்நிலையத்தை நடத்திய குடும்பம் அது. தந்தையிடமிருந்து மகனுக்கு என வித்தை இறங்கி வந்த அவ்வீட்டில், பார்க்கவும் அளக்கவும் கணக்கிடவும் அவர் ஒருங்கே கற்றுக்கொண்டார்.

1749ஆம் ஆண்டில், ஆந்த்ரோமேதா என்னும் விண்மீன் கூட்டத்தில் புகைபோல் தோன்றும் பெரிய ஒளித்திரளுக்கு அருகே சிறிய ஒளித்திரள் ஒன்று இருப்பதைக் கண்டறிந்தார். இன்று அது ஒரு தனி அண்டம் என்று அறியப்படுகிறது. 1753ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 

சுக்ரன் சூரியனைக் கடத்தல்

அக்காலத்து வானநூலார்க்கு ஒரு பெரிய வினா எஞ்சியிருந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதே அது. சூரியனைச் சுற்றும் கிரகங்களின் தூரங்கள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் உள்ளன என்று தெரியும். அவற்றில் ஒன்றையேனும் உண்மையான அளவில் அறிந்தால் மற்றவை அனைத்தும் விளங்கிவிடும்.

இதற்கு ஒரு வழியை ஆங்கிலேய வானநூலார் எட்மண்ட் ஹாலி 1716ஆம் ஆண்டில் விளக்கியிருந்தார். சுக்ர கிரகம் சில வேளைகளில் பூமிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வந்து, சூரிய பிம்பத்தின்மேல் ஒரு கரும்புள்ளிபோல் ஊர்ந்து செல்லும். பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அதனைக் கண்டு, அது புகும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் நுட்பமாகக் குறித்து ஒப்பிட்டால், சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். ஆயினும் இந்நிகழ்ச்சி மிக அரியது. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தபின் நூறாண்டுக்கும் மேலாக நிகழாது. 1761, 1769 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தபின் 1874, 1882 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 2004, 2012 ஆகிய ஆண்டுகளிலும் நிகழ்ந்தது. அடுத்தது 2117ஆம் ஆண்டில்தான்.

இதனைக் காண ஐரோப்பிய தேசங்கள் அறிஞர்களைத் திசைதோறும் அனுப்பின. லெ ழாந்திக்குக் குறிக்கப்பட்ட இடம் புதுவை. 1760ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் பிரெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறினார்; ஜூலை 10ஆம் நாள் இன்று மொரீஷியஸ் என வழங்கும் தீவை அடைந்தார். அப்போது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கடும்போர் நடந்துகொண்டிருந்தமையால் மேற்கொண்டு செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. அது மலையாளக் கரையில் மாஹேயை நெருங்கியபோது, மாஹேயும் புதுவையும் ஆங்கிலேயர் கைப்பட்டன என்ற செய்தி எட்டியது. கப்பல் வந்த வழியே திரும்பியது. 1761 ஜூன் 6ஆம் நாள் வானம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அவரோ நடுக்கடலில் ஆடும் கப்பலின் மேல்தளத்தில் இருந்தார். ஊசற்கடிகாரம் அங்கே ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் உறுதியாகத் தெரியாது. கண்டும் காணாதது போலாயிற்று.

வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். லெ ழாந்தி இன்னும் எட்டு ஆண்டு காத்திருந்து இரண்டாவது நிகழ்ச்சியைக் காண்பது என்று முடிவு செய்தார். அந்த இடைக்காலத்தில் மடகாஸ்கர் முதலான தீவுகளின் கரைகளையும் காற்றுகளையும் கடல் நீரோட்டங்களையும் ஆராய்ந்து எழுதினார். 1766ஆம் ஆண்டில் மணிலா சென்று அங்கிருந்தே காணலாம் என எண்ணினார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவரைச் சந்தேகித்தார்; பாரிஸ் கழகத்தாரும் புதுவையையே விரும்பினர். எனவே புதுவை நோக்கிப் புறப்பட்டு, 1768ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் இந்நகரத்தில் இறங்கினார்.

இடிபாடுகளின்மேல் ஒரு வானாய்வு நிலையம்

அவர் கண்ட புதுவை, செல்வம் கொழித்த பழைய புதுவையன்று. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரி 12ஆம் நாள் காலமானார். நான்கு நாள் கழித்து, ஜனவரி 16இல் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. உடன்படிக்கையின்படி 1765இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன் வெறும் மண்மேடுகளின் நடுவே நகரத்தைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தார்.

அவ்வாளுநர் லெ ழாந்தியை அன்புடன் வரவேற்றார். பழைய கோட்டையின் இடிபாடுகளில் எஞ்சி நின்ற உறுதியான சுவர்களின்மேல் அவருக்கு ஒரு வானாய்வு நிலையம் அமைந்தது. அதன் கீழிருந்த நிலவறையில் வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்தது. நேற்றுவரை பகைவராக இருந்த சென்னை ஆங்கிலேயர், அவருக்கு உதவியாக நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தனர். அரசுகள் பகைத்தாலும் வித்தை பகைப்பதில்லை என்பதற்கு இஃதொரு சான்று. நிகழ்ச்சிக்கு இன்னும் ஓராண்டுக்குமேல் இருந்தது. அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை.

தமிழாசிரியரைத் தேடி அடைதல்

இந்நாட்டு மக்கள் சந்திர சூரிய கிரஹணங்களை முன்னதாகவே கணித்துச் சொல்லுகிறார்கள் என்பதை லெ ழாந்தி கேள்வியுற்றிருந்தார். தொலைநோக்கி இல்லை, அச்சிட்ட அட்டவணை இல்லை, காகிதமும் எழுதுகோலும்கூட இல்லை. பின் எவ்வாறு கணிக்கிறார்கள்? கழகத்தின் உறுப்பினர் என்ற பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, அக்கணிதத்தைக் கற்பிக்க வல்ல தமிழர் ஒருவரைத் தேடினார்.

தேடுவது எளிதன்று. பஞ்சாங்க கணிதம் பரம்பரையாகச் சில குடும்பங்களில் போற்றப்பட்டு வந்த வித்தை. அதன் சூத்திரங்கள் ஸம்ஸ்கிருதத்தில்; விளக்கம் தமிழில்; கற்க வந்தவர் அறிந்ததோ பிரெஞ்சு. துபாஷிகளே பாலமாக விளங்கிய இந்நகரத்தில், ஒவ்வொரு கலைச்சொல்லும் மொழி கடந்தே அவர் செவியை அடைய வேண்டியிருந்தது. இவ்வளவு தடைகளுக்கும் இடையே தமக்கேற்ற ஆசிரியரை அடைந்து, நாற்பது வயதைக் கடந்த அவர், முறையாகப் பாடம் கேட்டார். தம் தேசத்தின் மிக நுட்பமான கணிதத்தைக் கரைகண்டவர், எண்ணுதலைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் கற்கும் மாணவரானார்.

அவர் கண்ட காட்சி வியப்பூட்டுவதாக இருந்தது. ஆசிரியர் சோழிகளைப் பலகையிலோ, பெரும்பாலும் வெறுந்தரையிலோ பரப்பி வைப்பார். வாய் சுலோகங்களை முணுமுணுக்கும். கை சோழிகளை இடம் மாற்றும். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் அச்சோழிகளிலேயே விரைந்து நிகழும். காகிதத்தில் எழுதிக் கணக்கிடும் ஐரோப்பிய முறையைவிட இது மிக விரைவானது என்று லெ ழாந்தி ஒப்புக்கொண்டார். ஒரு குறையையும் அவர் குறித்து வைத்தார். கணக்கு முன்னேற முன்னேறப் பழைய எண்கள் கலைந்துவிடுகின்றன. பிழை நேர்ந்தால் திரும்பிப் பார்க்க வழியில்லை, முதலிலிருந்தே தொடங்க வேண்டும். ஆயினும் அவர்கள் பிழைப்பது அரிது என்றும், அதற்குக் காரணம் அவர்களுடைய அமைதியும் பதற்றமின்மையுமே என்றும், அத்தகைய பொறுமை ஐரோப்பியர்க்கு வாய்க்காது என்றும் அவர் எழுதினார்.

பாடத்தின் உட்பொருள்

அவ்வாசிரியர் கற்பித்தது வாக்கிய கணிதம். தமிழகத்தில் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஆதாரமாக உள்ள முறை இதுவே. இதன் நுட்பத்தை அன்பர்கள் சிறிது பொறுமையுடன் கேட்டால் எளிதில் உணரலாம்.

சந்திரன் வானத்தில் நாள்தோறும் ஒரே அளவாக நகர்வதில்லை. சில நாட்களில் விரைந்தும் சில நாட்களில் தாழ்ந்தும் செல்கிறான். விரைவு, தாழ்வு, மீண்டும் விரைவு என ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 27½ நாள் ஆகும். இச்சுற்று ஒன்பது முடியும்போது, மிக நெருக்கமாக 248 நாட்கள் நிறைகின்றன. எனவே அந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையைத் தனித்தனியே ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், பின்னர் அதே வரிசை மீண்டும் மீண்டும் வரும். இந்த 248 நிலைகளையும் 248 சிறு ஸம்ஸ்கிருத வாக்கியங்களாக்கி முன்னோர் மனப்பாடம் செய்தனர். வரருசி இயற்றியவை என்று மரபு இவற்றைப் போற்றும்.

வாக்கியத்தில் எண் எவ்வாறு அடங்கும்? அதற்கு உதவுவது கடபயாதி என்னும் மரபு. ஸம்ஸ்கிருத மெய்யெழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ககார வர்க்கத்தின் முதல் எழுத்து 1, மூன்றாம் எழுத்து 3, தகாரத்தின் மெலிந்த ஒலியுடைய மூன்றாம் எழுத்து 8, நகாரம் 0, ரகாரம் 2, லகாரம் 3, வகாரம் 4, ஸகாரம் 7. உயிரெழுத்துக்கு மதிப்பில்லை. எண்களை வலப்புறத்திலிருந்து படிக்க வேண்டும். இவ்வாறு தேவர என்ற சொல்லில் 8, 4, 2 என்னும் எண்கள் உள்ளன. திருப்பிப் படித்தால் 248. காலானல என்பதில் 1, 3, 0, 3, திருப்பினால் 3031. ரஸகைரிக என்பதில் 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12,372. சந்திரச் சுற்று 110 முறை நிறைவது 3031 நாளில். 449 முறை நிறைவது 12,372 நாளில். 248 நாட்சுழற்சியில் எஞ்சும் சிறு பிழையை இப்பெரிய சுழற்சிகள் நீக்கும். இச்சொற்களைப் புதுவையில் கேட்டறிந்த லெ ழாந்தி, தம் நூலில் பிரெஞ்சு எழுத்துக்களில் பொறித்துவைத்தார்.

உதாரணமாக 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாளை எடுத்துக்கொள்ளலாம். கலியுகம் பிறந்த நாள்முதல் அன்றுவரை சென்ற நாட்கள் 17,77,489. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. இவ்வெண்ணை ஏழால் வகுத்தால் மீதியில்லை. ஆகவே அந்நாளும் வெள்ளிக்கிழமை என்று கணக்குச் சரிபார்க்கப்படும். இதில் 16,00,984 என்னும் நிலையான தொகையைக் கழிக்க 1,76,505 கிடைக்கும். அதில் 12,372 பதினான்கு முறை செல்லும், மீதி 3,297. அதில் 3,031 ஒருமுறை, மீதி 266. அதில் 248 ஒருமுறை, மீதி 18. ஆக நினைவில் உள்ள வாக்கியங்களில் பதினெட்டாவதைச் சொல்லி, கழித்த சுழற்சிகளுக்குரிய திருத்தங்களைக் கூட்டினால், அன்று சந்திரன் நின்ற இடம் கிட்டும். பதினேழு லட்சம் நாட்களைப் பதினெட்டாக்கி உள்ளங்கையில் வைக்கும் இவ்வித்தையைத் தரையில் பரப்பிய சோழிகளைக் கொண்டே செய்தனர்.

அந்த ஆகஸ்டு 30ஆம் நாள் ஒரு சந்திர கிரஹணம் நிகழ்ந்தது. கிரஹணம் நீடிக்கும் காலத்தைத் தமிழ்க் கணிதம் 41 விநாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் அப்போது மிகச்சிறந்ததாக மதிக்கப்பட்ட தோபியாஸ் மேயரின் சந்திர அட்டவணை 68 விநாடி அதிகமாகக் காட்டியது. இதனை லெ ழாந்தி மறைக்காமல் எழுதினார்.

இன்னும் சிலவற்றையும் அவர் கற்றார். சூரிய வருஷத்தின் அளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாடிகை 15 தத்பரை. இதனை அவர் 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி என்று மாற்றிக் குறித்தார். அயன சலனம் ஆண்டுக்கு 54 விகலை என்றும், அதனால் ஒரு முழுச்சுற்றுக்கு 24,000 ஆண்டு என்றும் அறிந்தார். பகலும் இரவும் ஒத்த நாளில் நடுப்பகலில் சங்கு என்னும் கோலின் நிழலை அளந்து, அதைக்கொண்டே ஊருக்கு ஊர் பகற்பொழுது வேறுபடுவதைக் கணக்கிடும் முறையையும் கற்றார். பன்னிரண்டு அங்குலச் சங்குக்குப் புதுவையில் அந்நிழல் ஏறத்தாழ இரண்டரை அங்குலமாகும்.

மேகம் மூடிய காலை

1769ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தது. சுக்ரன் சூரிய பிம்பத்தில் புகுவது புதுவையில் இரவுப் பொழுதில். வெளியேறுவது 4ஆம் நாள் சூர்யோதயத்துக்குப் பின் சிறிது நேரத்தில். முந்தைய மாதம் முழுவதும் காலை வானம் தெளிந்திருந்தது. முன்னிரவிலும் நட்சத்திரங்கள் ஒளிர்ந்தன. பின்னிரவில் விழித்தெழுந்து நோக்கியபோது வானம் முழுவதும் மேகம் பரவியிருந்தது. விடியற்காலையில் காற்று வீசிற்று, மேகம் விலகவில்லை. சுக்ரன் சூரியனை விட்டு நீங்கிய சிறிது நேரத்துக்குப் பின் வெயில் தெளிவாகக் காய்ந்தது. அன்று பகல் முழுவதும் சூரியன் மறையவில்லை. அவர் விட்டுவந்த மணிலாவில் அக்காலை வானம் களங்கமின்றி இருந்தது என்ற செய்தி பின்னர் வந்து சேர்ந்தது.

ஒன்பது ஆண்டு உழைப்பு சில நாழிகையில் கரைந்தது. இரண்டு வாரகாலம் அவர் எழுதுகோலைத் தொடவும் மனமின்றிச் சோர்ந்திருந்தார். உலகின் பிற இடங்களில் கண்டவர்களின் கணக்குகளைக்கொண்டு சூரியனின் தூரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என்ற உண்மை பின்னர் நெருங்கிப் பெறப்பட்டது. அதில் அவர் பங்கு இல்லாமற்போயிற்று.

சோர்வு நீங்கியபின் தம் குறிப்புகளைத் தொகுத்தார். புதுவைக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் ஆற்றங்கரையில் மண்ணினுள் புதைந்து கிடந்த பெரிய பழஞ்செங்கற்களையும் அவர் கண்டு எழுதியிருந்தார். அரிக்கமேடு என்று இன்று உலகம் அறியும் அவ்விடத்தைப் பற்றிய முதற் குறிப்புகளுள் அவருடையதும் ஒன்று.

ஊர் திரும்புதல்

1770 மார்ச் 1ஆம் நாள் புதுவையை விட்டுப் புறப்பட்டார். வழியில் வயிற்றுநோய் வருத்தியது. மொரீஷியஸிலிருந்து ஏறிய கப்பல் சூறாவளியிற் சிக்கிப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டது. பின்னர் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் ஏறிக் காதிஸ் துறைமுகம் அடைந்து, தரை மார்க்கமாகப் பிரனீஸ் மலையைக் கடந்து, 1771 அக்டோபர் 8ஆம் நாள் தாய்நாட்டில் கால்வைத்தார். அவர் புறப்பட்டுப் பதினோராண்டும் ஆறு மாதமும் பதின்மூன்று நாளும் ஆகியிருந்தன.

ஊரில் அவர் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அவருடைய கடிதங்கள் பல வந்து சேரவில்லை. வாரிசுகள் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர். கழகத்தில் அவர் வகித்த இடமும் அவர் கையை விட்டிருந்தது. வழக்காடியதில் பொருளும் இழந்தார். நாளடைவில் கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். மணம் புரிந்து ஒரு பெண்மகவையும் பெற்று, பாரிஸ் வானாய்வு நிலையத்திலேயே அமைதியாக வாழ்ந்தார். 1792 அக்டோபர் 22ஆம் நாள் காலமானார்.

கற்றதைக் கொடுத்தல்

சுக்ரனைக் காணாமல் திரும்பிய அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. புதுவையில் கற்ற கணிதத்தை முதலில் கழகத்துக்கு ஒரு கட்டுரையாக அளித்தார். 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்த அவருடைய இந்தியக் கடல் யாத்திரை நூலில், அக்கணிதம் விரிவாக விளக்கப்பட்டது. அதனைப் படித்து ழான் சில்வேன் பாயி என்பவர் 1787இல் பாரத வானசாஸ்திரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் ஜான் பிளேஃபேர் 1790இல் அதனைப் பாராட்டிக் கட்டுரை வெளியிட்டார். கலியுகத் தொடக்கத்தில் நேரே கண்டு எழுதப்பட்டவை இவை என்று பாயி கூறியதை லப்லாஸ் மறுத்தார்; பின்வந்தோரும் லப்லாஸின் கருத்தையே ஏற்றனர். ஆயினும் ஐரோப்பாவின் மகாபண்டிதர்கள் இந்த வாதத்தில் இறங்குவதற்கு வித்தாக அமைந்தவற்றுள், புதுவையில் ஒரு தமிழர் சோழி பரப்பிச் சொல்லிக்கொடுத்த பாடமும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

இங்கே மனத்தில் கொள்ளவேண்டிய ஒரு செய்தியும் உண்டு. விதிகளை விரைவாகக் கையாளுகிறார்கள். அவ்விதி ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்குக் காரணம் சொல்வதில்லை என்று லெ ழாந்தி எழுதினார். அவருக்குப் பின் ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 1825இல், ஜான் வாரன் என்பவர் காலஸங்கலித என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். சென்னை வானாய்வு நிலையத்தை நடத்தி, 1830இல் புதுவையில் காலமானவர் அவர். அவரும் புதுவையில் ஒரு பஞ்சாங்க கணிதரைக் கண்டார். அவர் சோழிகளைத் தரையில் வைத்து, அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களின் சந்தியில் நேர்ந்த சந்திர கிரஹணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிஷமும், நடு 23 நிமிஷமும், முடிவு 52 நிமிஷமும் வேறுபட்டன. நினைவாற்றலுக்குக் குறைவில்லை; சாஸ்திரத்தின் காரணங்களை மட்டும் அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறித்தார்.

காரணங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. மலையாள நாட்டில் சங்கமகிராமத்து மாதவர் அந்த 248 வாக்கியங்களையும் விகலை வரை நுட்பமாக்கினார். வட்டத்தின் சுற்றளவையும் ஜ்யாவையும் முடிவில்லாத் தொடராக விரித்துக் காணும் வழியையும் அவர் கண்டார். பின்னாளில் ஐரோப்பாவில் நுண்கணிதம் என்று வளர்ந்த சாஸ்திரத்தின் முதற்படிகள் இவை. அவர் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் யுக்திபாஷா என்னும் நூலில் ஒவ்வொரு விதிக்கும் யுக்தியை, அதாவது காரணத்தை, மலையாளத்தில் எழுதிவைத்தார். வாக்கியகரணத்துக்கு உரை வகுத்த தமிழ்நாட்டு ஸுந்தரராஜர் தம் ஐயங்களைக் கேரளத்து நீலகண்ட ஸோமயாஜிக்கு எழுதியனுப்பி விடை பெற்றார். அவர்களிடம் விதியும் காரணமும் சேர்ந்தே இருந்தன. காலப்போக்கில் பல இல்லங்களில் விதி மட்டும் நின்றது, காரணம் நழுவியது. மாதவர் மரபின் தொடர்களைச் சார்ல்ஸ் விஷ் என்னும் ஆங்கிலேயர் 1834இல் எடுத்துக்காட்டிய பின்னரும் நீண்டகாலம் நம்மவரே அவற்றைக் கவனிக்கவில்லை. வாக்கியகரணமும் ஸுந்தரராஜர் உரையும் 1962இல் குப்பண்ண சாஸ்திரியாராலும் கே. வி. சர்மாவாலும் ஆராய்ந்து சென்னையில் பதிப்பிக்கப்பட்டன.

இன்றும் பல திருக்கோயில்களில் உத்ஸவ நாட்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கொண்டே நிச்சயிக்கப்படுகின்றன. மாசி மகத்தன்று புதுவை வைத்திக்குப்பம் கடற்கரையில் பல ஊர்த் திருமேனிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, பௌர்ணமியும் மக நட்சத்திரமும் கூடும் நாள் இன்னதென்று முன்னரே உரைப்பது கணிதமே. அக்கணிதத்தை ஒரு காலத்தில் சோழிகளும் சுலோகங்களும் தாங்கின. பஞ்சாங்கத்தில் அச்சிட்ட நாளைப் பார்த்துப் புறப்படும் இளைஞர், அந்நாள் எவ்வாறு வந்தது என்று அறிந்தவர் ஒருவரிடம் கேட்பாராயின், அதுவே அவ்வித்தை மீண்டும் தழைப்பதற்குத் தொடக்கமாகும். அறிந்தவரும் விதியோடு நிறுத்தாமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். கடல் கடந்து வந்த ஒரு பண்டிதர் நாற்பது வயதுக்குமேல், அயல்மொழியில், தரையில் பரப்பிய சோழிகளைப் பார்த்துக் கற்க நாணவில்லை. நம் ஊரில், நம் மொழியில் கற்பதற்கு யாரும் நாணவேண்டியதில்லை.